எட்டாவது வளையம்

அறுத்த மரத்தைக் கண்டால் செல்லசாமி குந்தி உட்கார்ந்துவிடுவார். எச்சில் துப்பி, இடுப்பில் கட்டிய சாரத்து நுனியால் தேய்த்து, வளையம் எண்ணத் தொடங்குவார். விறகு பிளக்கக் கூப்பிட்டவள் நான். அடுப்பு அணைந்து நிற்பவளும் நான்தான். "எண்ணுனது போதும், பொளந்து போடுங்கண்ணே" என்றால், "இரு தங்கச்சி. இது நல்லா மழை குடிச்ச கட்ட, பொகையும்" என்பார். புகையும். அதில் மட்டும் ஆள் பொய் சொன்னதில்லை.

வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மரம் வெட்டுவதுதான் அவருடைய வேலை. காலில் அட்டை ஏறினால் பிடுங்கமாட்டார். "குடிச்சிட்டு தானா எறங்கும்" என்பார். பார்க்கிற நமக்குத்தான் சோறு இறங்காது.

எண்பத்தொன்று கடைசியில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் முத்துலிங்கம் ஐயா வந்தார். மரத்தின் வளையத்தை வைத்துப் பழைய மழையைக் கண்டுபிடிப்பாராம்: மழை கூடினால் வளையம் அகலம், குறைந்தால் ஒல்லி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சைப்ரஸைத் துளைத்து, பென்சில் பருமனில் ஒரு குச்சியை உருவினார். துளைக்கருவியைத் திருகியது செல்லசாமி. நான் தேத்தண்ணீரோடு நின்றேன்.

"பட்டையிலயிருந்து எட்டாவது ஒல்லியாக் கிடக்கு. எழுபத்திநாலிலை மழை பெய்யேல்லைப் போல" என்று ஐயா எழுதினார்.

"தப்புங்க ஐயா. எழுபத்திநாலு பஞ்சத்துல இந்த மரத்துக் கெளைய பூரா நாங்கதான் வெட்டுனோம். டவுன்ல வெறகா குடுத்து மாவு வாங்குனோம். எலை இல்லாம மரம் எப்புடிங்க பெருக்கும்?" என்றார் செல்லசாமி.

"மழை இல்லாமத்தானே பஞ்சம் வாறது?" ஐயா சிரித்தார்.

செல்லசாமி சிரிக்கவில்லை. "அந்தப் பஞ்சத்துல செத்த எம்மக பூரணிக்குக் குழி வெட்டுனப்ப தண்ணி ஊறிக்கிட்டே இருந்துச்சு. எறைச்சி எறைச்சித்தான் புள்ளைய எறக்குனோம். மழை பேஞ்சிச்சுங்க. அரசாங்கம் குடுக்குற அரிசிதான் வரல. பழிய வானத்து மேல எழுதாதீங்க."

 

"நீங்க சொன்னா எழுதேலாது அண்ணை. மரம் சொல்லவேணும்" என்றார் ஐயா, மெல்ல.

"அப்ப எங்க கத்தி எட்டாத மரம் ஒண்ணு கீழ நிக்கிது, வாங்க."

ஓடைச் சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கினோம். செல்லசாமி மூச்சு வாங்கத் திருகினார். குச்சி வந்தது. ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவை எண்ணினார், இன்னொரு தடவையும் எண்ணினார். எட்டாவது, பக்கத்து வளையங்களைப் போலவே அகலமாக இருந்தது.

ஐயா அழிரப்பரைத் தேடி எடுத்து, அந்த வரியை முழுசாக அழித்து முடிக்கும்வரை, செல்லசாமி அந்த வளையத்தின்மேல் ஊன்றிய கட்டைவிரல் நகத்தை எடுக்கவில்லை.