எப்போதும் நான்கு டிகிரி

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பினாயிலக்கா என்று பெயர். காதில் விழும்படியே கூப்பிடுவார்கள். அடுத்தவர் விசைப்பலகையைத் தொட நேர்ந்தால் முதலில் அதைத் தலைகீழாகத் தட்டுவாள். உதிரும் பிஸ்கட் தூளைப் பார்த்து, "சீ, இதுல எறும்பு குடித்தனமே நடத்தலாம்" என்பாள்.

பதினாறு வருடமாக டிரைவர் எழுதுவது அவள் வேலை. கணினியின் இயங்குதளத்தில் கெர்னல் என்று ஒரு நடுப்பகுதி உண்டு. அதற்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரு சிப்போடு அதன் பாஷையில் பேசி, அது சொல்வதை மேலே எடுத்துச் சொல்லும் நிரல்தான் டிரைவர். நாங்கள் செய்வது மருந்து வைக்கும் குளிர்பெட்டி. எங்கள் டிரைவர் பேசுவது வெப்பம் அளக்கும் சிப்போடு.

ஒரு திங்கட்கிழமை காலை அவளுடைய நாத்தனார் போன் செய்தாள். சின்ன மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநர். அங்கே இருப்பதும் எங்கள் பெட்டிதான். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, உங்க பொட்டி நாலு டிகிரின்னு காட்டுது. உள்ள கைய விட்டா வெதுவெதுன்னு இருக்கு. இன்சுலின், தடுப்பூசி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன்."

"யாருக்காவது குடுத்தியா?"

"நல்லவேளை, இல்ல. கை வச்சுப் பாத்ததால தப்பிச்சேன். இனிமே அந்த நம்பர நான் நம்பணுமா வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

பக்கத்து மேசையில் இருந்த நானும் எழுந்து வந்தேன். அக்கா டிரைவரின் நிரலைத் திறந்தாள்.

ஒரே கம்பெனியின் ஐந்து சிப்புகள். கூடப் பிறந்தவை மாதிரி. நிரலாக எழுதினால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் நூறு வரி தேறாது. ஆனால் எங்களிடம் ஐந்து டிரைவர்கள், ஒவ்வொன்றும் இரண்டாயிரம் வரி. புது சிப் வந்தால் பழைய ஃபைலை அப்படியே நகலெடுத்து, பெயரை மாற்றி, இரண்டு எண்ணைத் திருத்தி அனுப்பிவிடுவோம். பெயரைக்கூட ஒழுங்காக மாற்றியதில்லை. ஐந்தாவது ஃபைலுக்குள் இரண்டாவது சிப்பின் பெயர் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

"கழுவாத பாத்திரத்துலயே மேல மேல சமைச்சிருக்கோம்" என்றாள். நிஜமாகவே குமட்டுவதுபோல் முகம் கோணியது.

சென்சார், அதாவது வெப்பம் அளக்கும் அந்தச் சிப், பழுதாகிப் பேசாமல் போனால் 'தெரியவில்லை' என்று டிரைவர் சொல்ல வேண்டும். எங்களுடையது கடைசியாகக் கேட்ட எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது; அதை நம்பிப் பெட்டியும் குளிர்விக்காமல் இருந்தது. செத்தவன் சார்பில் கையெழுத்துப் போடுகிற வேலை. மூன்றாவது ஃபைலில் மட்டும் யாரோ இரண்டு வருடம் முன்பே அதைச் சரிசெய்திருந்தார்கள். மற்ற நான்கிலும் இல்லை. நாத்தனாரின் பெட்டியில் ஓடுவது ஐந்தாவது.

மேலாளருக்குப் பட்டப்பெயர் வெள்ளிக்கிழமை. எதைக் கேட்டாலும் அவர் வைக்கும் கெடு அதுதான். அக்கா அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"மூணாவதுல இருக்கற அந்த நாலு வரிய மத்த நாலு ஃபைல்லயும் ஒட்டிடும்மா. அப்புறம் அஞ்சாவத காப்பி அடிச்சு, புதுசா வந்திருக்கற ஆறாவது சிப்புக்குக் குடு. வெள்ளிக்கிழமை போகணும்."

"ஒட்டுனா அடுத்த தப்ப ஆறு எடத்துல தேடணும் சார். பொதுவா இருக்கறதெல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கட்டும். சிப்புக்குச் சிப்பு மாறுறது மட்டும் தனியா. ஆறாவதும் அதுலயே முடிஞ்சிடும்."

"ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கிற?"

"எங்க சார் ஓடுது? வண்டி நிக்குது, மீட்டர் மட்டும் ஓடுது."

அவர் "வெள்ளிக்கிழமை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதையே அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் ஐந்து ஃபைலையும் பக்கம் பக்கமாக வைத்துப் பிரித்தாள். ஒவ்வொரு வித்தியாசமும் சிப் கேட்பதா, எவனோ கைதவறிச் செய்ததா என்று பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் கைதவறியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு "சீ".

வியாழக்கிழமை, மூன்றாவது ஃபைலைத் திருத்தியது யார் என்று பழைய பதிவைத் திறந்தாள். "ஒண்ணக் கழுவிட்டு நாலப் போட்டுட்டுப் போன மகராசி யாருன்னு பாப்போம்."

திரையில் அவள் பெயர். கீழே அவளே எழுதிய குறிப்பு: 'மற்றவற்றிலும் செய்ய வேண்டும்.' அன்றும் வெள்ளிக்கிழமை.

அந்தக் குறிப்பை இன்னொரு தரம் படித்தாள். பிறகு மெதுவாக, "ஊர் அழுக்கெல்லாம் மோந்து பாத்தேன். நாறுனது என் கைதான்" என்றாள்.

வேண்டாமென்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், புதிய நிரலோடு போகும் குறிப்பில் அதை எழுதினாள்: 'இரண்டு வருடம் முன்பு ஒரு ஃபைலை மட்டும் திருத்திவிட்டு மற்ற நான்கை விட்டவள் நான்.'

மேலாளர் பதறிப்போனார். "இத எல்லாரும் படிப்பாங்கம்மா. எடுத்துடு."

"படிக்கத்தான் சார் எழுதுனேன்."

வெள்ளிக்கிழமை காலை எல்லாப் பெட்டிகளுக்கும் புது டிரைவர் கிளம்பியது. ஆறாவது சிப்புக்கும் சேர்த்துத்தான். ஆகவே மேலாளருக்கும் வாய் திறக்க வழியில்லை. நாத்தனாரின் பெட்டிக்கு மட்டும் புது சென்சாரோடு அவளே நேரில் போனாள். நானும் கூடப் போனேன்.

நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சென்சாரை மாற்றிப் பெட்டி குளிர்ந்ததும் திரையில் நான்கு டிகிரி. அக்கா எட்டி சென்சார் ஒயரைப் பிடுங்கினாள். எண் மறைந்து இரண்டு கோடு வந்தது. பெட்டி வீறிட்டது.

"ஐயோ, என்ன அண்ணி இப்பிடிக் கத்துது!"

"கத்தட்டும்."

ஒயரைத் திரும்பச் செருகினாள். சத்தம் நின்றது.

"அப்ப இனிமே நம்பலாமா?"

"நம்பலாம். ஆனா நீ கை வச்சுப் பாக்குற பழக்கத்த மட்டும் விட்டுடாத. எழுதுனது நான்."