புக்கா என்றால் திறப்பது

இந்த நாட்டு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் எல்லாரும் நோன்பாளிகள். என் பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பெண்மணியின் தலைமாட்டில் ‘புவாசா’ என்று ஓர் அட்டையை மாட்டியிருந்தார்கள். மலாயில் அதற்கு நோன்பு என்று பொருள். அது ரமலான் மாதமும் அல்ல, அவர் முஸ்லிமும் அல்ல. ஆனாலும் தாதி வந்து, ஆன்டி இன்று புவாசா, தண்ணீர்கூட கூடாது என்று சொல்லிப் போனபோது அவர் பயபக்தியோடு தலையாட்டினார். அதிராம்பட்டினத்திலிருந்து கிள்ளானுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் இது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் என்னை ஏமாற்றியிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் கர்ப்பப்பையில் கட்டிகள் இருந்தன. இரண்டு வருடமாக ஓயாத உதிரப்போக்கு. கிள்ளானில் எங்கள் துணிக்கடையில் கறை தெரியாமலிருக்கக் கறுப்பு உடை அணிந்தே நின்றேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் டாக்டர் அஸ்லினா என்ற மலாய்ப் பெண்மணி, கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே நல்லது, ரோபோட் உதவியோடு செய்யலாம் என்றார். ஊரில் இருக்கும் தங்கை பரீதாவிடம் போனில் சொன்னேன். இயந்திரத்திடம் வயிற்றைக் கொடுக்கப் போகிறீர்களா, பேசாமல் இங்கே வந்துவிடுங்கள் என்று அழுதாள். இயந்திரம் தானாக எதையும் வெட்டாது, அதே அறையில் நான்கு எட்டுத் தள்ளி டாக்டர் உட்கார்ந்து இயக்குவார், அவர் கை அசைந்தால்தான் அதன் கை அசையும் என்று டாக்டர் எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன். சின்னச் சின்னத் துளைகள்தான், சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்றும் சொன்னேன். ஆனால் டாக்டர் சொன்ன இன்னொன்றை நான் தப்பாக விளங்கிக்கொண்டிருந்தேன். முந்தின இரவிலிருந்து புவாசா இருக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு அவர், “கலாவ் தாக் போலே, கித்தா புக்கா, ஓகே?” என்றார். முடியாவிட்டால் புக்கா. நோன்பு திறப்பதைத்தானே இங்கே புக்கா என்கிறார்கள்? முப்பது நாள் பிடிக்கிற எனக்கு ஓர் இரவு என்ன பெரிய பாடு என்று நினைத்து, ஓகே என்றேன்.

அனுமதியான அன்று ஒப்புதல் படிவத்தோடு வந்தவர் ஸ்டெல்லா. கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழ் நர்ஸ். நோன்பெல்லாம் எனக்குப் பழக்கம், புக்கா தேவைப்படாது என்று நான் சொன்னதும் அவர் என்னிடம் கொடுத்த பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“அக்கா, டாக்டர் சொன்னது சாப்பாட்ட இல்ல லா. புக்கான்னா வயித்தத் தொறக்கறது. ரோபோட்டால முடியலன்னா பழைய மாதிரி வெட்டித்தான் செய்வாங்க. அதுக்கும் சேர்த்துத்தான் இந்த சைன்.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஸ்டெல்லா வற்புறுத்தவில்லை. டாக்டரையே கூட்டிவந்தார். ரோபோட்டை எப்போது நிறுத்த வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சில பேருக்கு நிறுத்தியிருக்கிறேன், உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு சிசேரியன் ஆகியிருப்பதால் உங்களுக்கும் நேரலாம், எது நடந்தாலும் மறைக்க மாட்டேன் என்றார். எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. என் பிள்ளைகள் பிறந்த சிறிய ஆஸ்பத்திரியில் இரண்டு தடவையும் வெளியே நின்ற மாமாதான் கையெழுத்துப் போட்டார். வயிற்றை அறுத்தார்கள் என்பதை மயக்கம் தெளிந்து வலி வந்த பிறகுதான் அறிந்தேன். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த அவசரத்தில் என் பிள்ளைகளை உயிரோடு என் கையில் தந்தவர்கள் அவர்கள். ஆனால் என் உடம்புக்காக நானே கையெழுத்துப் போட்டது இந்த நாட்டில்தான். நிதானமாக, தமிழில் போட்டேன்.

மறுநாள் அறுவை முடிந்து கண் விழித்தபோது வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே நீளமாகக் கட்டு இருந்தது. திறந்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் கடைக்கு வந்துவிடுவாள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்த என் வீட்டுக்காரர் முகம் வெளிறி நின்றார். எனக்கு அழுகை வந்தது. வலியைவிட ஏமாற்றம்தான் அதிகம். தலையில் போட்ட தொப்பியைக்கூடக் கழற்றாமல் டாக்டர் வந்தார். மெதுவாக அவர் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா தமிழில் சொன்னார்.

“பழைய தழும்புல மூத்திரப்பை கர்ப்பப்பையோட இறுக்கமா ஒட்டியிருந்துச்சாம் அக்கா. அந்த மெஷின்ல பார்க்க பெரிசா, நல்லாத் தெரியும். ஆனா தொட்டா கைக்கு உணர்வு வராது. அந்த இடத்த விரலால தொட்டுத்தான் பிரிக்கணும்னு டாக்டருக்குத் தோணிச்சாம். அதான் நிறுத்திட்டாங்க. மூத்திரப்பைக்கு ஒண்ணும் ஆகல.”

அதே இயந்திரத்தில் அறுவை செய்துகொண்ட சீனப் பெண்மணி மறுநாளே நடந்தார், எனக்கு ஒரு பிஸ்கட் டின்னை வைத்துவிட்டு வீட்டுக்கும் போனார். கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஆனால் படுத்தபடி யோசிக்க யோசிக்க மனசு அடங்கியது. அவருக்குத் தடையில்லாமல் முடிந்தது, எனக்கு முடியவில்லை, அவ்வளவுதானே. அத்தனை பேர் சுற்றி நிற்க, பழகிய கருவியை ஒதுக்கிவிட்டு, இதற்கு மேல் வேண்டாம் என்று எழுந்துவந்த அந்த டாக்டரின் பெயரைச் சொல்லி இன்றும் தொழுகையில் துஆ கேட்கிறேன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் மலாய் அக்கா, காயம் ஆறும் என்று விரால் மீன் சூப் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து தந்தார். அவருக்காகவும் கேட்கிறேன்.

ஆறாம் நாள் காலையில் வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் பரீதா அழைத்தாள். கட்டி புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்ததைச் சொன்னதும் அல்ஹம்துலில்லாஹ் என்று நெடுநேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்காவை லாத்தா என்று கூப்பிடும் எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டாள்.

“ஊட்டுக்கு எப்ப லாத்தா வாறிய?”

“காலைலயே வந்துட்டேனே.”

சொன்ன பிறகுதான் அவள் கேட்டது ஊர் வீட்டை என்பது எனக்கு உறைத்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. ஒரு கையால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டேன், மறு கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.