மத்தியான பஸ் வராத நாள்

"எமனே எருமையை நிறுத்திட்டுக் கேட்டாலும் சரி, பஸ்ஸைக் கண்ணால பாக்காம தண்ணியைத் திருப்ப மாட்டான் இந்தப் பாவாடை!"

ஆண்டிமடம் பக்கத்து ஏரிக்கரையில் நீர்க்கட்டி பாவாடை இப்படி முழங்கியது எண்பத்திரண்டாம் வருஷம். எமன் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பயம்தான் காரணம் என்று ஊர் நம்பியது.

ஏரித் தண்ணீரை முறைவைத்து வயல்களுக்குப் பாய்ச்சுவது அவர் உத்தியோகம். சம்பளம், அறுப்புக் களத்தில் அளக்கும் நெல். கோடையில் வாய்க்கால் வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். வராதவர் வாசலில் அவர் நின்று நலம் விசாரித்தால் காய்ச்சல்காரனுக்கும் காய்ச்சல் விட்டுவிடும்.

முறையை அளக்க முதலில் கைக்கடிகாரங்களைத்தான் நம்பினார்கள். ஒவ்வொன்றும் கட்டியிருந்தவருக்குச் சாதகமாகவே ஓடியது. ஆகவே ஊர்க்கூட்டம் கூடி, யார் பக்கமும் சாயாத ஒரே ஜீவன் என்று கரைமேல் போகும் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தது. படிக்கட்டுக் கூட்டத்தால் அது இடப்பக்கம் சாய்ந்தே போனதை யாரும் பொருட்படுத்தவில்லை. காலை பஸ் முதல் மத்தியான பஸ் வரை ஒருவருக்குத் தண்ணீர். அதிலிருந்து சாயங்கால பஸ் வரை அடுத்தவருக்கு.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் கிடந்தது கடைசித் தண்ணீர். காலை முறை பெரிய பண்ணை ராசாங்கத்துக்கு. அடுத்தது அரைக்காணி காத்தாயிக்கு. உச்சி சாய்ந்தும் பஸ்ஸைக் காணோம். சைக்கிளில் வந்த ஒருவன் சொன்னான்: "அச்சு முறிஞ்சு கெடக்குது. இன்னைக்கு வராது."

"அப்ப முறையும் மாறாது," என்றார் ராசாங்கம். "ஊர் போட்ட சட்டம். நாளைக்குப் பஸ் வரட்டும்."

"நாளைக்கு ஏரியில நண்டுகூட நனையாது, மாமா!" காத்தாயி பாவாடையிடம் பாய்ந்தாள். "கதிரு பால் பிடிக்கிற நேரம். பஸ்ஸு செத்தா என் பயிரும் உடன்கட்டை ஏறணுமா?"

"சட்டம் சட்டந்தான் புள்ள." குரலில் பழைய முழக்கம் இல்லை.

"ஆமா, பெரிய கலெக்டரு!"

ராசாங்கம் சிரித்துக்கொண்டே துண்டை உதறினார். "பாவாடை வாக்கு இருக்கையில எனக்கென்ன காவலு? சாப்பிட்டுட்டு வரேன்."

அவர் தலை மறைந்தது. பாவாடை சாலையைப் பார்த்தார். காத்தாயியின் வயல் வெடிப்பைப் பார்த்தார். அதில் அவர் பெருவிரல் தாராளமாக நுழைந்தது. பிறகு, பஸ் வரவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டி நின்று, வாய்க்கால் பிரியும் இடத்தில் மண்ணை வெட்டினார். ராசாங்கத்தின் பக்கம் அடைபட்டது. தண்ணீர் காத்தாயி பக்கம் திரும்பியது.

"மாமா... பஸ்ஸு?"

"வாயை மூடிக்கிட்டு வரப்பை அடை புள்ள. ஒழுவுது."