நாலாவது பந்துக்கு ட்ரையல்

நாலாவது பந்துக்கு ட்ரையல் கேட்ட மனிதரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். என் அக்காவின் வீட்டுக்காரர்.

ட்ரையல் என்றால் என்னவென்று தெருவில் மட்டை பிடித்த எல்லோருக்கும் தெரியும். பேட் செய்ய வருகிறவர் கை பழக ஒரு பந்து. முதல் பந்து மட்டும்தான். அதில் அவுட்டானால் கணக்கில்லை. அதையும் பந்து போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

நான் பெரிய பவுலர் என்று பீற்றிக்கொள்ளவில்லை. மூன்று பந்தில் ஒன்று வைடு போகும். சின்ன வயதில் பொம்பளைப் பிள்ளைக்கு பேட் எதற்கு என்று அண்ணன்கள் தரவே மாட்டார்கள். பந்து போடவும், சாக்கடையில் விழுந்தால் எடுத்து வரவும் மட்டும் கூப்பிடுவார்கள். அப்படிப் பழகிய கை இது.

இப்போது ஆடுவதெல்லாம் போனில்தான். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், சீட் கிடைத்தால் கிரிக்கெட் கேமைத் திறந்துவிடுவேன். பந்து விழ வேண்டிய இடத்தை விரலால் தொட்டு, திரையில் ஓடுகிற முள்ளைப் பச்சைக் கட்டத்தில் நிறுத்த வேண்டும். எதிரில் ஆடுகிறவன் எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ. ஸ்டம்ப் சாய்ந்தால் அவுட், அவ்வளவுதான். பந்து போட்டது ஆணா பெண்ணா என்று போன் கேட்பதில்லை. அதில் ஒன்று கற்றுக்கொண்டேன். எல்லாப் பந்தையும் ஒரே பக்கம் தூக்கி அடிக்கிறவனுக்கு, வேகத்தைக் குறைத்துக் காலடியில் போட்டால் போதும்.

போனில் எத்தனையோ விக்கெட் எடுத்தாயிற்று. எனக்கு நிஜத்தில் ஒன்று வேண்டும். ஒரு ஆள் என் பந்தில் அவுட்டாகி, பேட்டை வைத்துவிட்டுப் போக வேண்டும். இது பெரிய ஆசையா, சொல்லுங்கள்?

காணும் பொங்கலுக்கு அக்கா குடும்பமும் நாங்களும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தோம். ஆம்பிளைகள் பொங்கல் கரும்பு மூன்றை மணலில் நட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பொம்பளைகள் நாங்கள் புளியோதரைத் தூக்குக்குக் காவல். பொறுக்க முடியாமல் எழுந்து போய் ஒரு ஓவர் கேட்டேன்.

பேட் மாமாவுடையது, பேட்டிங்கும் மாமா. "வா கொழுந்தியா, ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்கறோம்" என்றார். சுருக்கென்றது. போகட்டும், பந்து கைக்கு வந்ததே என்று விட்டுவிட்டேன்.

முதல் பந்து வைடு. அடுத்த இரண்டையும் படகுகள் பக்கம் தூக்கி அடித்தார். இரண்டும் ஒரே பக்கம். நாலாவதை மெதுவாக, அவர் கால் கட்டைவிரலுக்குக் குறிவைத்து விட்டேன். மாமா ஒரு சுற்று சுற்றினார். நடுக்கரும்பு சாய்ந்தது.

"ட்ரையலு! ட்ரையலு!" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"நாலாவது பாலுக்கு இன்னா மாமா ட்ரையலு?"

"உன் பவுலிங்க இப்பதான பாக்கறேன்."

"ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்! அம்பயரக் கேளுங்க."

அம்பயர் என் புருஷன். கரும்பைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார். "ட்ரையல்தான்" என்று சொல்லிவிட்டுக் கரும்பை நட ஆரம்பித்தார். அக்கா வேறு, "விடுடி, வெளையாட்டுதான" என்றாள். விளையாட்டுதான் என்றால் மாமா அவுட் என்று போக வேண்டியதுதானே? விட்டுக்கொடுப்பதற்கு எப்போதும் நான்தான் கிடைத்தேனா?

சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டியதும், என் புருஷன் காதோரம் குனிந்து, "செம பாலு. க்ளீன் அவுட்டு" என்றார்.

"அங்க வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"நல்ல நாளும் அதுவுமா, சகல மனசு கஷ்டப்படுமில்ல?"

என் மனசு என்ன, கடலையும் பொரியும் கட்டுகிற காகிதமா? போனை எடுத்து மாமாவுக்குப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து என் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இப்ப எங்கிட்ட சொன்னீங்கல்ல, அத அவுங்ககிட்ட சொல்லுங்க."

"ஹலோ" என்றார் மாமா.

என் புருஷன் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சகல, பத்தரமா வீட்டுக்குப் போயிட்டீங்களா?"