திக்குகிற பாட்டு

அம்மா குவைத்துக்குப் போன வருஷம்தான் நான் திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் ஊர் நகரி பக்கத்தில். நைனா, அதாவது என் அப்பா, பவர்லூம் கொட்டகையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். வடக்கேயிருந்து மலிவுச் சேலைகள் லாரி லாரியாக வந்து இறங்க ஆரம்பித்ததும் வாரத்தில் பாதி நாள் தறி நின்றது. எங்கள் தெருவில் ஆண்களுக்கு வேலை இல்லை, பெண்களுக்கு விசா இருந்தது. வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட் ஒருவர் புத்தூரிலிருந்து வந்து தின்பண்டம் கொடுத்துப் பேசிவிட்டுப் போனார். அடுத்த மாதமே அம்மா மெட்ராஸில் விமானம் ஏறினாள்.

நான் சேர்ந்தது கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிற கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. மலை மேலும் கீழும் கல்யாணம் ஓயாத ஊர் என்பதால் கேசட்டுகள் வந்து குவிந்துகொண்டே இருக்கும். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி, ஒட்டி, தாலி கட்டுகிற இடத்தில் பூமழை பொழிய வைத்து, சிடியாக எழுதித் தர வேண்டும். முதலாளி தெலுங்குக்காரர். தம்பி என்பதற்குத் தம்முடு என்பார். கோபம் வந்தாலும் தம்முடுதான்.

ஒரு நாள் காலை ஒரு கேசட் ஏறிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் திணறியது. படம் உறைந்துவிட்டது, மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றது. ஒலி மட்டும் நிற்கவில்லை. கெட்டிமேளத்திலிருந்து ஒரு துண்டு, இமை மூடும் நேரம்கூட இல்லாத துண்டு, விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அதில் தவிலும் தெரியவில்லை, நாயனமும் தெரியவில்லை. பெயரில்லாத ஏதோ ஒரு மிஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. நாற்காலிக்குக் கீழே என் கால் தானாக ஆடியது.

“பாடைபோயிந்தி தம்முடு, ஆபெய்!” என்று முதலாளி உள்ளிருந்து கத்தினார். கெட்டுப்போச்சு, நிறுத்து என்று அர்த்தம். நிறுத்துவதற்கு முன்னால் அந்தச் சத்தத்தைத் தனியாகப் பதிந்துகொண்டேன். எதற்கென்று எனக்கே தெரியாது.

சந்திரகிரி பக்கம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒருவன் சிடி எழுதிக்கொள்ள எங்கள் கடைக்கு வருவான். சித்தூர்க்காரன், என் வயசு, தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பான். அவனிடம் அதைப் போட்டுக் காட்டினேன்.

“இத்த நீயா செஞ்ச?”

“இல்ல, சிஸ்டம் மாட்டிக்கினு தானா வந்துச்சி.”

“ரேய், வெளிநாட்ல இத்த வேணும்னே செய்றாங்க ரா. கிளிட்ச்னு சொல்வாங்க. டான்ஸ் மியூசிக் ரா இது, இத்த போட்டுத்தான் ஆடறாங்க.”

நான் நம்பவில்லை. அடுத்த முறை வரும்போது ஒரு சிடி கொண்டுவந்தான். போட்டதும் சிடியில் கீறல் என்று நினைத்து வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாட்டே அப்படித்தான். திக்கியது, விக்கியது, நின்றது, நின்ற இடத்திலிருந்து எதிர்பாராமல் பாய்ந்தது. அந்தத் தடுமாற்றத்துக்கு அடியில் ஆடுவதற்கான அடி ஒன்று பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. பாட்டு செய்கிற சாஃப்ட்வேரையும் அவனே ஏற்றிக் கொடுத்தான்.

காலையில் வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன்னால் உட்காருவேன். கெட்டிமேளத்தை மணலாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் திரையில் இருக்கும் கட்டங்களில் வைப்பேன். வரிசையாக வைத்தால் கல்யாண மேளம் போலவே வந்தது. ஒரு துண்டை எடுத்துவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டபோதுதான் உடம்பு துள்ளியது. கேட்பவன் அடியை எதிர்பார்க்கிற இடத்தில் அதைக் கொடுக்காமல், கொஞ்சம் தள்ளிக் கொடுக்க வேண்டும். இதைப் பிடிக்கவே மாதக்கணக்காயிற்று. நடுவில் கரண்ட் போகும், செய்தது எல்லாம் போகும். கீழே மொட்டையடித்து சந்தனம் பூசிய தலைகள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நான் முதலிலிருந்து நறுக்குவேன்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் கடைப் போனுக்குக் கூப்பிடுவாள்.

“துன்னியா?”

“துன்னேன்மா. நீ?”

“எனக்கு இன்னா, துன்னுகினுதான் கீறேன். நைனாவ பாத்துக்கோ.”

இதற்கு மேல் போகாது. பின்னால் யாராவது அரபியில் கத்துவது கேட்கும், லைன் அறுந்துவிடும். போகப்போக அழைப்புகள் குறைந்தன. பிறகு வரவே இல்லை. நைனா புத்தூர் போய் ஏஜெண்டைப் பார்த்தார். “நல்லா கீதுப்பா உங்க வூட்டம்மா, பெரிய எடத்துல கீது, போன் பண்ண நேரம் இல்ல போல” என்றாராம். இரண்டாவது முறை போனபோது ஏஜெண்ட் காலி செய்துவிட்டுப் போன அறையில் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார்.

கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம், மனு கொடுத்தோம். குவைத்தில் அம்மா எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை. செய்வதற்கு வேறொன்றும் இல்லாத அந்த மாதங்களில்தான் என் முதல் பாட்டை முழுசாக முடித்தேன்.

விநாயக சவிதி, நம் விநாயகர் சதுர்த்தி, வந்தது. முதலாளியின் மைத்துனர் ஊர்வலங்களுக்கு சவுண்டு செட் கட்டுகிறவர். அவரிடம் கெஞ்சி என் சிடியைக் கொடுத்தேன். வண்டிக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் முதலில் பழைய வேகத்திலேயே ஆடினார்கள். பாட்டு முதல்முறை திக்கியதும் பாதிப் பேர் நின்றார்கள். இரண்டாவது முறை திக்கியதும் எல்லோரும் நின்று வண்டியைப் பார்த்தார்கள். “செட்டு போச்சு, செட்டு போச்சு” என்று யாரோ கத்தினார்கள். மைத்துனர் ஆம்ப்ளிஃபயர் தலையில் ஓங்கித் தட்டினார். அது மறுபடி திக்கியது. சிடியை உருவி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சாலையோரத்தில் எறிந்துவிட்டு வேறொன்றைப் போட்டார். கூட்டம் ஆடத் தொடங்கியது. நான் ஊர்வலத்துக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, தங்கியிருந்த அறைக்குத் திரும்பினேன்.

அந்தக் குளிர்காலத்தில் மெட்ராஸ் விமான நிலையத்திலிருந்து கடைக்கு ஒரு போன் வந்தது. யாரோ ஒருவர், இங்கே ஒரு அம்மா நிற்கிறார்கள், இந்த நம்பர் மட்டும் சொல்கிறார்கள் என்றார். ஓடினேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு அம்மா தூணோரம் நின்றிருந்தாள். அந்த வீட்டிலிருந்து தப்பித்து எம்பசிக்குப் போய், எங்களைக் கூப்பிட வழியில்லாமல் அங்கே பல மாதம் இருந்தவளை, பாஸ்போர்ட்டுக்குப் பதில் அவுட்பாஸ் கொடுத்து அனுப்பி வைத்திருக்கிறார்கள் என்று போன் செய்தவர் சொன்னார். முன்னங்கையில் இஸ்திரிப்பெட்டி வைத்த தழும்பு முக்கோணமாக இருந்தது. ஊருக்குப் பஸ் ஏறினோம். வழியில் பஸ் நின்ற இடத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தாள். உட்காரச் சொல்லி கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

அவளைப் பார்த்துக்கொள்வதற்காக ஊரிலிருந்தே வேலைக்குப் போய்வர ஆரம்பித்தேன். முதலாளி கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் போட்டபோது பழையதை என்னை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து புதுப் பாட்டில் ஒரு மெல்லிய உலோகச் சத்தத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். டிங், டிங், டிங் என்று அது நொறுங்கிக்கொண்டே போக வேண்டும். சின்ன ஸ்பீக்கரில் ஓட விட்டேன்.

பின்கட்டிலிருந்து அம்மா ஓடிவந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அறை வாசற்படிக்கு வெளியே தலையைக் குனிந்து நின்றாள்.

“வந்துட்டேன் மாமா, வந்துட்டேன்.”

அங்கே வீட்டு எஜமானியை மாமா என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது, “அம்மா, நான்தாம்மா” என்று எழுந்து போய் அவள் தோளைத் தொட்டேன். நைனா தண்ணீர் கொண்டுவந்தார். அன்றைக்குத்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

“மூணு மாடி வூடு. மாடிக்கு ஒரு மணி. எந்த மணி அட்ச்சாலும் நான் ஓடணும். லேட்டா போனா அடி. தூங்கசொல்லோவும் மணி, துன்னசொல்லோவும் மணி. இப்பவும் காதுல அட்ச்சிக்கினே கீதுடா. எது நெசம், எது இல்லன்னு தெர்ல.”

அந்த உலோகச் சத்தத்தை அழித்தேன். கூர்மையான ஒலி எதுவும் வேண்டாம் என்று, தவிலின் இடந்தலையில் வருகிற கனத்த ஒலியை மட்டும் வைத்து, நிலத்துக்கடியில் உருள்கிற மாதிரி ஒன்று செய்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். பாட்டு நின்று மறுபடி ஆரம்பிக்கிற இடங்களில் அவள் விரல்கள் தரையில் அழுந்தின.

“சத்தம் பரவால்ல. அது நிக்குது பாரு, அப்பதான் பயமா கீது. இப்ப யாரு கூப்புடப் போறாங்கன்னு மனசு அட்ச்சிக்குது.”

நான் கற்றுக்கொண்ட வித்தையே அந்த நிற்கிற இடம்தான். அதை எடுத்துவிட்டால் என்னிடம் ஒன்றுமில்லை. ஹெட்போன் வாங்கிக்கொண்டேன்.

அம்மா யாரையும் குரல் கொடுத்துக் கூப்பிடுவதை அடியோடு விட்டுவிட்டாள். சாப்பாடு ஆகிவிட்டால் நைனா தெருமுனையில் இருந்தாலும் அங்கே நடந்து போய், எதிரில் நின்று, அவர் பார்க்கிறவரை காத்திருப்பாள். என்னிடமும் அப்படித்தான். ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும்போது திரையில் அவள் நிழல் விழும். திரும்பினால் எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது.

சித்தூர் டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். மாத்திரை கொடுத்தார். பகலெல்லாம் தூங்கினாள், எழுந்ததும் மறுபடி மணியைத் தேடினாள்.

மாத்திரை தீர்ந்த ஒரு நாள், நைனா வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவும் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

“நீ எங்க வர்ற?”

“தறிக்கு. தார்ல நூலு சுத்த ஆள் வோணும்னு நேத்து சொன்ன இல்ல?”

“அந்தச் சத்தத்துல உன்னால இருக்க முடியுமா? எனுக்கே பாதி காது பூட்ச்சி. உனுக்கும் பூடும்.”

“போனா பூட்டும்” என்றாள்.

நைனா என்னைப் பார்த்தார். அவள் முன்னால் நடக்க ஆரம்பித்திருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்து, கை கால் கழுவி, தட்டு நிறையச் சோறு போட்டு உட்கார்ந்து தின்றாள். வந்ததிலிருந்து அவள் உட்கார்ந்து வயிறாரத் தின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தறிகள் ஓடும்போது உள்ளே எதுவுமே கேட்காது, மணியும் கேட்காது என்று நைனாவிடம் சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமை கொட்டகை மூடியிருக்கும். அன்றைக்கு மட்டும் முகம் வாடிப்போய் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பாள்.

சித்தூர் நண்பன் படிப்பு முடித்து பெங்களூரில் வேலைக்குப் போயிருந்தான். அவன் சொல்லி, அங்கே ஒரு கிளப்பில் என் பாட்டுகளைப் போட வாய்ப்புக் கிடைத்தது. ஒலி திக்கியபோது யாரும் நிற்கவில்லை. நின்ற இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு, அடி எப்போது வரும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். வந்ததும் கத்திக்கொண்டு குதித்தார்கள். நான் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் அத்தனை பேரும் அசையாமல் காத்திருந்த அந்த ஒரு கணத்தில், வாசற்படியில் தலைகுனிந்து நின்ற உருவம்தான் என் கண்ணில் நின்றது. சந்தோஷப்பட முடியவில்லை. பாட்டை நிறுத்தவும் முடியவில்லை. அங்கேயே ஒரு ஸ்டூடியோவில் வேலை கிடைத்து, தங்கிவிட்டேன்.

வருஷங்கள் போயின. மாதம் ஒருமுறை ஊருக்குப் போவேன். தறிக்காரர்கள் எல்லோரையும் போல அம்மாவும் நைனாவும் இப்போது காது மந்தமாகி, உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். போன முறை போனபோது, பெங்களூரில் முடிக்காமல் விட்ட பாட்டு ஒன்றைத் திறந்து, ஹெட்போன் மாட்டாமல் ஸ்பீக்கரிலேயே ஓட விட்டேன். எதிர்வீட்டு ஆள் எட்டிப் பார்த்து, ரேடியோ ரிப்பேரா என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மா எனக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றது, ஓடியது, மறுபடி நின்றது. அவள் உரித்ததில் ஒரு கைப்பிடியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு அடுத்த கடலையை எடுத்தாள்.