தோல் இன்ஸ்பெக்டர்

காலை பதினொன்று பத்துக்கு ஆய்வகத்திலிருந்து செய்தி வந்தது: அக்காவின் ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை. கைப்பேசியோடு நான் ஓடியபோது நர்ஸம்மா எங்கள் சமையலறைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். "இருங்க சார், இன்னும் நாலு வீடு இருக்கு" என்றார். அன்று பார்க்க வேண்டிய நோயாளிகளை ஒவ்வொருவராக முணுமுணுத்துக்கொண்டே கழுவுவது அவர் வழக்கம். "மாடி வீட்டு ஐயா, தபால்காரர், இரட்டைப் பிள்ளைக்காரி..." பட்டியல் தீர்ந்தால்தான் குழாய் மூடும். ஆள் குறைந்த நாட்களில் அதையே இரண்டு முறை சொல்வார்.

முடித்துவிட்டு வந்து செய்தியைக் கேட்டார். ஈரக் கையோடு அறைக்குள் போனார்.

"அக்கா, பாஸ்."

"எத்தனை மார்க்?"

"ஜஸ்ட் பாஸ்தான். கால் சுண்டுவிரல் மட்டும் அரியர்."

புற்றுநோய் எலும்பில் இறங்கியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. ஐம்பதை நெருங்கும் வயது. நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். கட்டிலின் கால்மாட்டில், தரையில்தான். "தலைமாட்டுல எல்லாரும் உக்காருவாங்க. காலை யாரு பாக்கறது?" விரல் இடுக்கு, குதிகால், முதுகு, டார்ச் அடித்து வாய்க்குள் என்று தினமும் ஒரு சுற்று வருவார். தோல் இன்ஸ்பெக்டர் என்று அக்கா பெயர் வைத்திருந்தாள்.

"இன்னிக்கு எந்த ஏரியாவுல ரெய்டு?"

"முழங்காலுக்குக் கீழ. ஒத்துழைச்சா சீக்கிரம் விட்டுடுவேன்."

அக்கா தையல் கடை வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஊரார் துணிகளைப் பிடித்தும் பிரித்தும் கொடுத்தவள். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்: ஒரு நாளில் இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்து தைக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கொரு முறை குடிக்கும் வலி மருந்து, மார்ஃபின், அதைக் கொடுத்தது. கூடவே வேறொன்றையும் செய்தது. சுண்டுவிரலுக்கு அடியில் செருப்பு கடித்த இடம் சீழ் கட்டியிருந்தது. அக்காவுக்குத் தெரியவே இல்லை. நர்ஸம்மாதான் கண்டுபிடித்தார். "வலிக்கலன்னு அவங்க சொன்னா அது மருந்து சொல்ற பதில் சார். நான் தோல்கிட்ட கேட்டுக்கறேன்." கிருமி ரத்தத்தில் ஏறியிருக்குமோ என்றுதான் அந்தப் பரிசோதனை. மூன்று நாள் காத்திருந்தோம்.

அதற்கு ஒரு மாதம் முன்பு நான் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். மார்ஃபின் உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, இரவு வேளை மருந்தை நானாகவே பாதியாக்கினேன். அளவு குறைந்தது தெரியாமலிருக்க, ஊற்றிக் கொடுக்கும் மூடியில் வெந்நீர் கலந்தேன். மூன்று இரவுகள் அக்கா கண் மூடவில்லை. நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் படுத்திருந்தாள். நான்காம் நாள் நர்ஸம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இருக்க வேண்டியதைவிட அதிகம் இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

அவர் திட்டவில்லை.

"நீங்க படிச்சது பொய்யில்ல சார். மருந்து உடம்போட காவல்காரனைக் கொஞ்சம் கண்ணசர வைக்கும். எவ்வளவுன்னு பெரிய டாக்டருங்களே இன்னும் அடிச்சுக்கறாங்க. ஆனா வலி இருக்கே, அது அவனை அடிச்சே போட்டுடும். மூணு ராத்திரி தூங்காதவன் எந்தக் கதவைக் காப்பான்? வலியை மருந்து பாத்துக்கட்டும். கதவை நாம பாத்துக்குவோம்."

கட்டிலிலிருந்து அக்கா கேட்டாள்: "மருந்துல தண்ணி கலந்தியாடா? நீ பால்காரனாப் போயிருக்கலாம்."

நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அன்றைக்கே என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கை கழுவச் சொன்னார். எனக்குச் சொல்லப் பட்டியல் இல்லை என்றேன். "உங்க ஆபீஸ்ல பிடிக்காதவங்க பேரைச் சொல்லுங்க. நல்லா தேய்ப்பீங்க." உண்மைதான். நன்றாகத்தான் தேய்த்தேன்.

அந்தப் பதினொன்று பத்துச் செய்திக்குப் பிறகு அக்கா ஒன்பது வாரம் உட்கார்ந்து தைத்தாள். என் சட்டைகளுக்கெல்லாம் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் போட்டாள். பக்கத்து வீட்டுத் திரைச்சீலைகளை, அவர்கள் கேட்காமலேயே, வாங்கி மடித்துத் தைத்தாள். "நீளமா தொங்குது, பாக்க சகிக்கல" என்றாள். ஒரு புதன்கிழமை மதியம், நர்ஸம்மா கால்மாட்டில் இருக்க, தூக்கத்திலேயே போனாள்.

நேற்று நர்ஸம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். தபால்காரர் இப்போது நடக்கிறாராம். வாசல்வரை போய்த் தன் கடிதங்களைத் தானே வாங்குகிறாராம். சொல்லிச் சிரித்தார். நர்ஸம்மாவின் தோள்பை வார் பாதிவரை நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது, அக்காவின் தையல். மீதிக்கு ஊக்கு குத்தியிருந்தார். எதிரே ஒரு தையல் கடை இருந்தது. ஐந்து நிமிட வேலை, கொடுங்கள் என்று கை நீட்டினேன்.

பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அவசரமில்ல சார்."

ஊக்குக்குக் கீழே, முடிச்சுப் போடாத நூல் ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கியது.