திரையில் வளர்ந்த பெண்

தீர்த்தகிரியின் மகள் சோபனா காய்ச்சலில் போனபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஒன்றரை வருஷம் கழித்து அப்பாவின் கடைக் கம்ப்யூட்டரில் அவள் முதன்முதலாகத் தென்பட்டபோது மூன்று வயதுதான் இருக்கும்.

அரூரில் பத்திரம் பதிகிற ஆபீசுக்கு எதிரே டைப்பிங் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கி, ஊதுபத்தி கொளுத்தி, தூங்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டியை எழுப்பக் கீபோர்டைத் தட்டினார். திரை ஒரு முறை கறுத்தது. பிறகு பச்சையும் ஊதாவுமாக வரிவரியாகக் கிழிந்தது. அந்தக் கிழிசலுக்குள் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு சின்னத் தலை. சோபனாவுக்குத் தீர்த்தமலையில் முடியிறக்கிய அன்று எடுத்த படம். கண்ணை இமைப்பதற்குள் மறைந்து, பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வந்து நின்றது. தீர்த்தகிரி ஊதுபத்தியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். விரல் சுட்ட பிறகுதான் நினைவு வந்தது.

பேய் பிசாசுக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை அவர். தட்டச்சு எந்திரத்தில் தொடங்கியவர். கிரயப் பத்திரத்தில் ஒரு எல்லை தப்பாகச் சொன்னால், கட்சிக்காரர் எவ்வளவு பெரிய மிராசுதாராக இருந்தாலும் எழுந்து போகச் சொல்லிவிடுவார். "ஒத்தச் சொல் கிரி" என்று தெருவில் பெயர். வீட்டிலும் அப்படித்தான். மகளுக்குக் காரியம் முடிந்த அன்றே சுவரில் இருந்த படத்தைக் கழற்றினார். போனில் இருந்ததையெல்லாம் அழித்தார். மனைவி கலைமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதபோது ஒரே சொல்தான் சொன்னார்.

"பாத்துப் பாத்து அழுதுக்கிட்டு இருந்தம்னா அவ போக மாட்டா. இங்கயேதான் சுத்துவா. வுட்டுடு."

கலைமணி விட்டுவிட்டாள். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோபனாவின் பெயரை யாரும் சொன்னதில்லை. இரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டில் தட்டுச் சத்தம் எவ்வளவு கேட்கும் என்பது அப்படி இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையிலும் அவள் வந்தாள். இந்த முறை முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அதற்கு மறுநாள் பள்ளிச் சீருடை, ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை. பிள்ளை வளர்கிறாள். உயிரோடு இருந்தபோது வளர்ந்த அதே வரிசையில், காலைக்கு ஒரு படியாக வளர்ந்துகொண்டு வருகிறாள்.

தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தார். ஒயரைப் பிடுங்கி மாட்டினார். மெமரி அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்துத் துடைத்தார். மானிட்டரை மாற்றிப் பார்த்தார். புது மானிட்டரில் அவள் இன்னும் பளிச்சென்று வந்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், யு.பி.எஸ். மேல் ஒரு எலுமிச்சம்பழம்கூட வைத்தார். பத்திரம் எழுத வந்த ஒருவர் எலுமிச்சையைப் பார்த்துச் சிரித்ததற்கு, அவருடைய வேலையைப் பாதியில் நிறுத்தித் துரத்திவிட்டார்.

ராத்திரி பெட்டியைத் தூங்கவைக்காமல் ஒரேயடியாக அணைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். கடையை அடைப்பது அவர் இல்லை. சாயங்காலம் மும்முனை கரண்டு வந்ததும் கிணற்று மோட்டார் போட ஊருக்குக் கிளம்பிவிடுவார். கடைசிப் பிரிண்டு எடுத்து, பெட்டியைத் தூங்கவைத்து, ஷட்டர் இறக்குவது கலைமணி. அணைத்துவிடு என்று அவளிடம் சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்றால் மகள் பெயரைச் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவள் வளர்ந்துகொண்டே வந்தால் கடைசிப் படமும் வரும். அதை எடுத்தவர் அவர்தான். மொரப்பூர் ரயில் நிலையத்தில், பெங்களூர் வேலைக்குப் போக வண்டியேறிய சோபனா படியில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். வாய் பாதி திறந்திருக்கிறது. ஏதோ சொல்கிறாள். வண்டி இரைச்சலில் அவர் காதில் விழவில்லை. அதற்குப் பிறகு அவளை உயிரோடு பார்க்கவில்லை. அந்தத் திறந்த வாயைப் பார்க்க அவரால் முடியாது. போன் படங்களை அவர் அழித்ததற்கு ஆன்மா, சாந்தி என்று ஆயிரம் காரணம் சொன்னாலும் நிஜக் காரணம் அந்த வாய்தான்.

பட்டமளிப்புக் கறுப்பு அங்கி போட்ட முகம் திரையில் வந்த அன்று, மொரப்பூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டார். சோபனாவோடு கல்லூரியில் படித்தவன். கலைமணி சமையல் முடித்து வருவதற்குள் வந்துவிடச் சொன்னார்.

ஆரோக்கியராஜ் கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலத்தில் சரசரவென்று ஓடும் வரிகளைப் படித்தான். இயக்கும் மென்பொருளின் பழைய பதிப்பில் பெட்டியைக் கிளப்பிப் பார்த்தான். ஓரிடத்தில் சிவப்பாக ஒரு வரி வந்ததும் விரலை வைத்தான்.

"ஐயா, இந்தப் பெட்டிக்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டது சோபனாதானுங்களே?"

"ஆமா."

"படம் காட்டற சிப்பு சரியா வேலை செய்யணும்னா ஃபர்ம்வேர்னு ஒரு சின்ன ப்ரோகிராம் வேணுங்க. அத சிப்பு செஞ்ச கம்பெனிக்காரன் சும்மாதான் குடுப்பான். ஆனா உள்ள என்ன எழுதியிருக்குன்னு காட்ட மாட்டான். சோபனா அத வேணும்னே போடாம வுட்டிருக்குதுங்க. காலேஜ்லயும் இதே சண்டைதான். பூட்டு போட்ட சாமான் எனக்கு ஆவாதுன்னு நிக்கும்."

தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வந்தது. பிடிவாதம் யாரைக் கொண்டது என்று ஊருக்கே தெரியும்.

"இவ்ளோ நாள் ஒண்ணும் ஆவலியே?"

"போன மாசம் ஒரு அப்டேட் ஏறியிருக்குங்க. அதுல இருந்துதான் படம் காட்டற டிரைவர் ப்ரோகிராம் தடுமாறுது. உங்களுக்கு என்ன தெரியுது, வரி வரியாங்களா?"

மகள் முகம் தெரிவதை அவர் சொல்லவில்லை. வரிதான் என்றார். ஆரோக்கியராஜ் தன் போனில் இருந்து ஒகேனக்கல் அருவிப் படம் ஒன்றை ஏற்றித் திரை முழுக்கத் திறந்தான். மூடினான். பெட்டியைத் தூங்கவைத்து மறுபடி எழுப்பினான். பச்சைக் கோடுகளுக்குள் அருவி கொட்டி மறைந்தது.

"பாத்தீங்களா? கடைசியா முழுசாத் தெறந்த படம் மெமரியில அப்படியே கெடக்குது. தூங்கும்போது அதத் தொடைக்கறதில்ல. எந்திரிக்கும்போது ஒரு நொடி அதையே காட்டிடுது. எலுமிச்சம்பழம் வெச்சிருக்கீங்களே, பேயெல்லாம் இல்லீங்கய்யா. யாரு எதப் பாத்துட்டுப் போனாங்களோ அதுதான் வரும். ஃபர்ம்வேர் போட்டுட்டா நின்னுடும். இப்பவே போட்டுடட்டுங்களா?"

தீர்த்தகிரி நாற்காலியைப் பார்த்தார். யார் எதைப் பார்த்துவிட்டுப் போனார்களோ அது. சாயங்காலம் இந்த நாற்காலியில் உட்கார்வது ஒரே ஒருத்தி. மொட்டைத் தலையில் தொடங்கிக் கறுப்பு அங்கி வரைக்கும், நாளுக்கு ஒரு படமாக, முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவர் அங்கே மோட்டார் ரூமில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டு நின்ற நேரமெல்லாம். வீட்டுக்கு வந்தால் குழம்பில் உப்பு சரியா என்றுதான் கேட்டிருக்கிறாள்.

பேயாக இருந்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"படமெல்லாம் எங்க கெடக்குது?" என்று கேட்டார். ஆரோக்கியராஜ் தேடிக் காட்டினான். பழைய ஆல்பப் படங்களை ஸ்கேன் செய்து ஏற்றி, அப்பா போனில் எடுப்பதும் தானாகவே இங்கே வந்து சேரும்படி சோபனா எப்போதோ செய்துவைத்திருந்தாள். வரிசையில் கறுப்பு அங்கிக்குப் பின்னால் ஒரே ஒரு படம் மிச்சம். சின்னக் கட்டமாகத் தெரிந்தாலும் ரயிலின் நீலம் தெரிந்தது. தீர்த்தகிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னைக்கு ஒண்ணும் போட வேணாம் தம்பி. நான் சொல்றேன்."

அன்று சாயங்காலம் கரண்டு வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கலைமணி பிரிண்டரில் தாள் அடுக்கிக்கொண்டே இரண்டு முறை வாசலைப் பார்த்தாள்.

"ஏங்க, மோட்டாருக்குப் போகலீங்களா?"

"போகல."

"பயிரு காயுதுன்னு நேத்துதான சொன்னீங்க?"

"காயட்டும்." ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், வரவில்லை. "இன்னைக்கு மொரப்பூர் ஸ்டேசன் படந்தான? தனியாப் பாக்காத."

கலைமணியின் கையில் இருந்த தாள்கள் சரிந்தன. திட்டப்போகிறார் என்றே நினைத்தாள் போல, முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். "நான் அழலீங்க," என்றாள். "சத்தியமா அழலீங்க. சும்மாதான் பாக்கறேன். அவ போறதுக்கு நான் எடஞ்சலா இல்லீங்க." சொல்லிக்கொண்டே அழுதாள்.

"ஒண்ணும் சொல்லல. தெற."

அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து திறந்தாள். நீல ரயில். படியில் மகள். தோளில் பை, காற்றில் பறக்கும் துப்பட்டா, பாதி திறந்த வாய். தீர்த்தகிரி முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எதிர்ச் சாரியில் டீக்கடைக்காரர் அடுப்பைத் தணிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ சொல்றா," என்றார். "எனக்குக் கேக்கவே இல்ல கலை."

கலைமணி ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குக் கேக்கலீங்களா? நான் படிக்குக் கிட்டயே நின்னேனே. 'போட்டோ எடுத்தது போதும், வெயில்ல நிக்காதீங்கப்பா, வூட்டுக்குப் போங்க'ன்னு சொன்னா."

அவ்வளவுதான். ஒன்றரை வருஷமாக அந்த வாயில் என்னென்னவோ வைத்துப் பார்த்திருந்தார். வெயிலை வைத்துப் பார்க்கவில்லை. ஒத்தச் சொல் கிரிக்கு அந்த ஒத்தச் சொல்லும் வரவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். கலைமணி அவர் முதுகில் கை வைத்தாள். மகள் போன அன்றுகூட அவள் அப்படி வைக்க அவர் விட்டதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இதோட முடிஞ்சுதா? நாளைக்கு எதப் பாப்ப?"

"மறுக்கா மொட்டையில இருந்துதாங்க," என்றாள் கலைமணி. "இது எத்தனாவது சுத்துன்னு எனக்கே மறந்துபோச்சு."

தீர்த்தகிரி பெட்டியைத் தன் கையாலேயே தூங்கவைத்தார். ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டு, ஃபர்ம்வேர் வேண்டாம், பூட்டு போட்ட சாமான் இந்தக் கடைக்குள் வராது என்று சொன்னார். பிறகு வெளியே வந்து, குனிந்து ஷட்டரை இறக்கிப் பூட்டினார். சாவியை அவளிடம் கொடுக்கும்போது சொன்னார்.

"நாளைக்கு மோட்டார் போட்டுட்டு நான் திரும்பி வர்றதுக்கு முன்னாடி பாத்துடாத."